கண்ணாடிக்குள் ஒரு வாழ்க்கை: விஞ்ஞானி ஆத்மாராம்

குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் பிறை பார்க்கும் மாலைகளில் கூட்டத்தில் இரண்டு மூன்று பைனாகுலர்கள் கைமாறிக்கொண்டிருக்கும். நம் கடற்கரை சூரியன் கடலில் இறங்குவதைக் காணக் கிடைத்த கரை. மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம்கூட நீடிக்காத அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரு விசித்திரம் நடப்பதைக் கவனித்திருப்போம். இரண்டு பைனாகுலரிலும் பத்து மடங்கு பெருக்கம் என்றே எழுதியிருக்கும். ஒன்றில் பார்த்தால் அடிவானம் பால் கலந்த நீராகத் தெரியும். இன்னொன்றில் மேகத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். கண்ணால் பார்ப்பதா கருவியால் பார்ப்பதா என்ற ஃபிக்ஹ் விவாதத்துக்குள் இங்கே நாம் போகவில்லை. பெருக்கம் ஒன்றாக இருந்தும் தெளிவு ஏன் இரண்டாக இருக்கிறது என்பதே நம் கேள்வி.

இதே கேள்வி இன்னோர் இடத்தில் உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. மலைப்பாங்கான எல்லைச் சாவடியில், இதே மங்கல் நேரத்தில், ஒரு படைவீரர் துப்பாக்கியின் மேல் பொருத்திய ஸ்கோப் வழியாக நானூறு மீட்டருக்கு அப்பால் ஓர் உருவத்தைப் பார்க்கிறார். உருவத்தின் கையில் இருப்பது ஆடு மேய்க்கும் கம்பா, ஆயுதமா? குண்டு எங்கே போகும் என்பதைக் குழலும் திருகுகளும் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களும் தீர்மானிக்கும். எதிரே நிற்பது யார் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியது கண்ணாடி மட்டுமே. குறி தவறுவது வேறு, ஆள் தவறுவது வேறு.

அந்தக் கண்ணாடியை இந்தியாவிலேயே உருக்கி எடுத்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஆத்மாராம் அவர்கள். வட இந்தியாவில் அறிவியல் எழுதுபவர்களுக்குப் பழக்கமான பெயர். நம் பக்கத்தில் பாடப்புத்தகங்கள்கூட அவரை அதிகம் சொன்னதில்லை. ஒளியைப் பற்றிப் பேச வந்தால் நம் மேடைகளில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம் வருவார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்வை நிகழ்கிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோதனைகளோடு நிறுவிய அவரைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த ஒளி போகும் பாதையில் வைக்கும் கண்ணாடியை அடுப்படியில் நின்று உருக்கியவர்களையும் சொல்ல வேண்டுமல்லவா?

ஆத்மாராம் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் பிலானா என்ற கிராமத்தில் பிறந்தார். எளிய குடும்பம். கான்பூரில் பட்டப்படிப்பு முடித்து, மேற்படிப்புக்கு அலகாபாத் பல்கலைக்கழகம் போனார். அந்தக் காலத்து அலகாபாத் அறிவியலுக்குச் செழித்த இடம். வேதியியலில் நீல் ரத்தன் தர், இயற்பியலில் மேக்நாத் சாஹா. படிப்பு முடிந்த இளைஞருக்கு அன்று ஆய்வு வேலை என்று ஒன்று சுலபமாகக் கிடைக்காது. அரசுக்குத் தொழில் ஆராய்ச்சியில் ஆர்வம் பிறந்ததே 1935-க்குப் பிறகுதான். கல்கத்தா அலிப்பூர் அரசுப் பரிசோதனைச் சாலையில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவு தொடங்கியது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார். ஆத்மாராம் அந்த வட்டத்துக்குள் வந்து, கண்ணாடியைத் தன் துறையாக எடுத்துக்கொண்டார்.

அவர் கைவைத்த முதல் பெரிய கண்ணாடி லென்ஸ் அல்ல, வளையல். ஃபிரோசாபாத் வளையல் தொழிலில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. சூளை வெக்கையில் நின்று உருக்கிய கண்ணாடியை நூலாக இழுத்துச் சுற்றும் வேலை. சிவப்பு வளையலுக்குச் செலினியம் என்ற பொருள் தேவைப்பட்டது. அது வெளிநாட்டுச் சரக்கு. கப்பல் நின்றால் சிவப்பு வளையலும் நிற்கும். அதற்குப் பதில் தாமிரத்தைக் கொண்டு சிவப்பு எடுக்க முடியும் என்பது பழைய கைவினைஞர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் தாமிரச் சிவப்பு முரண்டு பிடிக்கும் நிறம். உலையிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி வெளிறி இருக்கும், மறுபடி பதமாகச் சூடேற்றினால்தான் சிவப்பு எழும். சூடு மிஞ்சினால் கறுத்துவிடும். அந்தச் சிவப்பு நுண்ணிய தாமிரத் துகள்களால் வருகிறது என்று பலரும் சொல்லிவந்தபோது, தாமிரத்தின் ஆக்சைடே காரணம் என்று ஆத்மாராமும் அவருடன் உழைத்தவர்களும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். வேதியியலர்களிடையே அந்த வாதம் நெடுநாள் நீண்டது. வளையல்காரருக்கு வாதம் முக்கியமில்லை, சிவப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும். அதற்கு வழி காட்டியது அவருடைய வேலை.

வளையலில் சின்னக் குமிழி இருந்தால் யாரும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். லென்ஸில் இருந்தால் கருவியையே திருப்பிக் கொடுப்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, லென்ஸ் கண்ணாடி என்பது என்ன, ஜன்னல் கண்ணாடியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று பார்த்துவிடலாம். ஆத்மாராமின் வாழ்க்கையில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். பச்சை தெரியும். மணலில் கலந்திருக்கும் இரும்பின் நிறம் அது. மூன்று மில்லிமீட்டர் கனத்தை நேராகப் பார்க்கும்போது தெரியாத பச்சை, ஓரம் வழியாக நீண்ட தூரம் ஊடுருவிப் பார்க்கும்போது தெரிந்துவிடுகிறது. ஸ்கோப் ஒன்றுக்குள் ஆறு முதல் பத்து லென்ஸ்கள் வரிசையாக நிற்கும். அத்தனையும் தாண்டி வரும் ஒளியை இரும்பு வழியிலேயே குடித்துவிட்டால், மங்கல் நேரத்தில் கண்ணுக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஆகவே லென்ஸுக்கு எடுக்கும் மணலில் இரும்பு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அல்ல, ஆயிரத்தில் ஒரு பங்கு சதவிகிதம் என்ற கணக்கில்தான் இருக்கலாம்.

அடுத்தது கலக்கல். நோன்பு திறக்கச் சர்பத் கரைக்கும்போது பார்த்திருப்பீர்கள். தெளிந்த சீனிப்பாகைத் தெளிந்த தண்ணீரில் ஊற்றினால், இரண்டும் நிறமில்லாதவையாக இருந்தும், தண்ணீருக்குள் நெளிநெளியாக வரிகள் ஓடும். பாகு ஒளியை அதிகம் வளைக்கிறது, தண்ணீர் குறைவாக வளைக்கிறது. இரண்டும் முழுதாகக் கலக்கும்வரை அந்த நெளிவு போகாது. உருகிய கண்ணாடியும் இப்படித்தான். மணல், சோடா, சுண்ணாம்பு, ஈயம் எல்லாம் வெவ்வேறு எடை. கனமானது அடியில் தங்கும், லேசானது மேலே மிதக்கும். குளிர்ந்ததும் அந்த நெளிவுகள் கண்ணாடிக்குள் அப்படியே உறைந்துவிடும். அப்படிப்பட்ட துண்டை எவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்தாலும் அதன் வழியே பார்க்கும் உருவம் நீருக்குள் பார்ப்பதுபோல் குலைந்திருக்கும். எந்த மெருகும் அதைச் சரிசெய்யாது.

தண்ணீரைக் கரண்டியால் கலக்கலாம். ஆயிரத்து நானூறு டிகிரியில் தேன்போல் கொழகொழத்துக் கிடப்பதை எதனால் கலக்குவது? இரும்புக் கம்பி விட்டால் இரும்பு கரைந்து நிறம் ஏறும். இந்த விடை கிடைக்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பியர் லூயி கினான் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் சுட்ட களிமண்ணால் ஆன துடுப்பைக் கொண்டு உருக்கைக் கலக்கினார். அவரோடு சேர்ந்து பவேரியாவில் உழைத்த ஜோசப் ஃபிரான்ஹோஃபர் அந்தக் கண்ணாடியை அளக்கவும் வழி கண்டார். அதன்பின் 1884-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அப்பே, கார்ல் சைஸின் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கண்ணாடிக்கென்றே ஆய்வுக்கூடம் தொடங்கி, பேரியம், போரான் போன்றவற்றைச் சேர்த்துப் புதுப்புதுக் கண்ணாடிகளைச் செய்தன.

புதுப்புதுக் கண்ணாடி எதற்கு? ஒரே ஒரு லென்ஸ் போட்டால் சிவப்பு ஒளி ஓரிடத்திலும் நீல ஒளி வேறிடத்திலும் குவியும். உருவத்தைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக ஒரு விளிம்பு கட்டும். மரக்கிளையும் மானின் கொம்பும் ஒன்றோடொன்று குழம்புவது அந்த விளிம்பால்தான். கிரவுன், பிளின்ட் என்று இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்தால் ஒன்று பிரித்த நிறத்தை மற்றொன்று சேர்க்கும். ஆனால் அந்தச் சேர்க்கை பலிக்க, கணக்குப் போட்டவர் எழுதிய ஒளிவிலகல் எண் உலையிலிருந்து வரும் கண்ணாடியிலும் அப்படியே இருக்க வேண்டும். கிரவுன் கண்ணாடிக்கு 1.517 என்று எழுதினால் அது 1.519 ஆக வரக்கூடாது. இந்தத் தடவை உருக்கியதும் அடுத்த மாதம் உருக்குவதும் நான்காம் தசமம் வரை ஒத்துப்போக வேண்டும். சமையலில் உப்பு ஒரு கல் கூடிக் குறைந்தால் சமாளிக்கலாம். இதில் சமாளிக்க முடியாது.

கடைசியில் பாத்திரம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்னவாகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். உருகிய கண்ணாடியும் தன்னைத் தாங்கும் களிமண் மூசையைத் தின்னும். மூசைக் களிமண்ணில் உள்ள இரும்பும் அலுமினாவும் கண்ணாடிக்குள் இறங்கும். நல்ல மூசை செய்யத் தெரியாதவர் நல்ல லென்ஸ் செய்ய முடியாது. உருக்கியதை மூசையோடு நாள்கணக்கில் ஆறவிட்டு, மூசையை உடைத்து, நொறுங்கிய கட்டிகளில் குறையில்லாதவற்றைப் பொறுக்கி எடுப்பார்கள். பாதிக்கும் குறைவாகவே தேறும். தேறியதையும் மறுபடி சூடாக்கி, அச்சில் அழுத்தி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிரவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். கொதிக்கும் தேநீர் ஊற்றிய கிளாஸ் தம்ளர் ஈரத் தரையில் வைத்ததும் விரிவது அந்த இறுக்கத்தால்தான். லென்ஸ் விரியாமல் தப்பினாலும் ஒளியைக் கோணலாக்கும்.

இத்தனை சிரமமான பொருளை வைத்திருப்பவர்கள் இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களா? 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது பிரிட்டன், தனக்கு வேண்டிய லென்ஸ் கண்ணாடியில் பெரும்பங்கை எதிரி நாடான ஜெர்மனியிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மானியச் சுடுநர்கள் ஸ்கோப் பொருத்திய துப்பாக்கியோடு அகழிகளில் இறங்கிய நேரத்தில், பிரிட்டனின் வயோதிகத் தளபதி ராபர்ட்ஸ் பிரபு பொதுமக்களிடம் வீட்டில் இருக்கும் பைனாகுலர்களைப் படைக்குக் கொடுத்துதவக் கேட்டுக்கொண்டார். உலகத்தில் கால் பங்கை ஆண்ட வல்லரசின் நிலை இது. 1945-இல் இன்னொரு காட்சி. யேனா நகரம் ரஷ்யப் பகுதிக்குள் போகப்போகிறது என்று தெரிந்ததும், அமெரிக்கப் படை அங்கிருந்த ஷாட் நிறுவனத்தின் நிர்வாகிகளும் வல்லுநர்களுமாக நாற்பத்தொரு பேரைத் தன்னோடு மேற்கே அழைத்துக்கொண்டு போனது. இயந்திரங்களைவிட ஆட்கள் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் லென்ஸ் வேலை தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1820-களில் ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன் என்பவர் சென்னையில் கடிகாரமும் நகையும் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். நில அளவைத் தலைவர் பிளாக்கர் அவரது கைத்திறனைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். ஜார்ஜ் எவரெஸ்டின் கீழ், மாபெரும் நில அளவையின் தியோடலைட் கருவிகளைப் பிரித்துப் பூட்டி, சீர்செய்து, கடைசியில் அந்த அளவையின் கருவி வல்லுநர் பதவிக்கே அவர் உயர்ந்தார். தியோடலைட் என்பதும் குறுக்குக் கம்பி வைத்த தொலைநோக்கிதான். துப்பாக்கி ஸ்கோப்புக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். இந்த அளவையின் முக்கோணங்கள் லாம்டனின் காலத்தில் நம் கன்னியாகுமரி முனைவரை வந்து முடிந்தன. முஹ்ஸின் ஹுஸைன் உழைத்த கல்கத்தா கருவி அலுவலகம் பல மாற்றங்களைக் கண்டு, இரண்டாம் உலகப் போரின்போது அதன் வேலை டேராடூனுக்கு நகர்த்தப்பட்டு, படைக்கலத் தொழிற்சாலையாக உருவெடுத்தது. பைனாகுலரும் துப்பாக்கிக் குறிநோக்கிகளும் செய்யும் தொழிற்சாலை அது.

தேய்க்க ஆள் இருந்தார்கள், அளக்க ஆள் இருந்தார்கள், பூட்ட ஆள் இருந்தார்கள். தேய்க்கும் கண்ணாடிக் கட்டி மட்டும் கப்பலில் வர வேண்டியிருந்தது. போரில் கடல்வழி அடைபட்டால் எல்லாம் நிற்கும். இந்த ஓட்டையைத்தான் ஆத்மாராம் அடைக்க முற்பட்டார்.

மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனத்துக்கு 1945 டிசம்பரில் கல்கத்தாவின் ஜாதவ்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். திறப்பு விழா 1950 ஆகஸ்டில் நடந்தது. கட்டடம் எழும்பிய காலத்திலிருந்தே அதன் பொறுப்பைச் சுமந்தவர் ஆத்மாராம். 1952-இல் இயக்குநரானார். 1966 வரை அங்கேயே இருந்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் லென்ஸ் கண்ணாடி செய்யும் பொறுப்பை அரசு அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு முறையை வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு எப்போதும் உண்டு. மூக்குக்கண்ணாடிக்கான கண்ணாடிக்குப் பின்னாளில் துர்காப்பூரில் சோவியத் உதவியோடு ஆலை வந்ததும் அந்த வழியில்தான். லென்ஸ் கண்ணாடியில் ஆத்மாராம் சொந்த வழியையே பிடித்துக்கொண்டார்.

அந்த வழி மூசையிலிருந்து தொடங்கியது. எந்த ஊர்க் களிமண் உருக்கைத் தாங்கும், எந்த மணலில் இரும்பு குறைவு, துடுப்பை எந்த வேகத்தில் சுற்றினால் நெளிவு போகும், எந்தச் சூட்டில் நிறுத்தினால் குமிழி மேலே வந்து வெடிக்கும் என்று ஒவ்வொன்றும் உலைக்கு முன் நின்று கண்டுபிடிக்க வேண்டியவை. புத்தகத்தில் கிடைக்காது. உலையின் சூடு இரவு பகல் மாறக்கூடாது என்பதால் ஆட்களும் இரவு பகல் நிற்க வேண்டும். விஞ்ஞானிகளும் உலைத் தொழிலாளர்களும் ஒரே கூரைக்கடியில் வியர்த்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்திலிருந்து இந்தியாவின் சொந்த லென்ஸ் கண்ணாடி வெளிவரத் தொடங்கியது. உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அன்று அதைச் செய்துகொண்டிருந்தன. அதற்குக் கொஞ்சம் முன்பே, 1959-இல், அவருக்கு பத்மஸ்ரீ விருதும், தன் ஆசானைப் போன்ற பட்நாகரின் பெயரால் வழங்கும் பரிசும் கிடைத்திருந்தன.

1962-இல் சீனப் போர், 1965-இல் பாகிஸ்தானோடு போர். அந்த ஆண்டுகளில் பைனாகுலருக்கும் தூரமானிக்கும் குறிநோக்கிக்கும் ஏற்ற கண்ணாடியைச் சொந்த நாட்டில் உருக்க முடிவது எத்தனை பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. போர்க்கருவிக்கு உதவியதை ஒரு மார்க்க அறிஞர் கொண்டாடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். துப்பாக்கி இருக்கும்வரை அதன் பின்னால் இருப்பவர் மங்கலாகப் பார்ப்பதைவிடத் தெளிவாகப் பார்ப்பது நல்லது என்பது நம் கருத்து. கம்பைத் துப்பாக்கி என்று நினைத்துச் சுடப்பட்டவனின் வீட்டாருக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல.

கண்ணாடி நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. லென்ஸின் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். பத்து முகங்களைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். காணாமல் போன ஒளி சும்மாவும் இருப்பதில்லை, குழலுக்குள் அலைந்து உருவத்தின் மேல் பால்போலப் படரும். நாம் தொடக்கத்தில் சொன்ன அந்த மலிவு பைனாகுலரின் பால்நிறத்தில் பாதி இதனால் வருவது. 1935-இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, லென்ஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் பூசி இந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். இன்று நல்ல லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவாகவோ பச்சையாகவோ பளபளப்பது அந்தப் பூச்சுதான். ஆனால் நெளிவுள்ள கண்ணாடிக்கு மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் அது சுவர் ஓதத்துக்கு மேல் சுண்ணாம்பு அடிப்பதுபோல.

ஜமாஅத்துக்கு பைனாகுலர் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பெருக்க எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42 மில்லிமீட்டரும் 7 மடங்கும் என்றால் 6 மில்லிமீட்டர். அதே லென்ஸில் 20 மடங்கு என்றால் 2 மில்லிமீட்டர்தான். இருட்டில் இளம் கண்ணின் பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியக்கூடியது. பெருக்கம் கூடக் கூடப் பிறை பெரிதாகும், கூடவே மங்கும். துப்பாக்கி ஸ்கோப்புக்கும் இதே கணக்குத்தான்.

ஆத்மாராமின் கதையில் நம் மாவட்டத்துக்கு ஓர் ஓரம் உண்டு. மணவாளக்குறிச்சி மணல். ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டு, அதைத் தேடிக்கொண்டே இங்கே வந்து ஆலை வைத்தார். அன்று அவருக்கு வேண்டியது விளக்கு மேண்டிலுக்கான தோரியம். அதே மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் இருக்கின்றன. சீரியத்தின் ஆக்சைடுதான் உலகெங்கும் லென்ஸுக்குக் கடைசி மெருகு கொடுக்கும் பொடி. லாந்தனம் சேர்த்தால் ஒளியை அதிகம் வளைத்தும் நிறத்தை அதிகம் பிரிக்காத கண்ணாடி கிடைக்கிறது. இன்றைய உயர்தரக் கேமராவிலும் ஸ்கோப்பிலும் இருப்பது அந்த இனம். ஒரு காலத்தில் தோரியத்தைக்கூட லென்ஸில் சேர்த்தார்கள். அது கதிர்வீசும், ஆண்டுகள் போகப்போகக் கண்ணாடி பழுப்பேறும் என்பதால் கைவிட்டார்கள். 1952-இல் ஆலுவாவில் அருமண் ஆலை திறந்தபின் நம் மணலிலிருந்து இவற்றைப் பிரிக்கும் வேலை இந்தியாவிலேயே நடக்கத் தொடங்கியது. மணல் அள்ளுவதால் கரையோர ஊர்களுக்கு வரும் கேடுகள் பற்றிய வழக்கும் வருத்தமும் தனிக் கட்டுரைக்குரியவை. அதை இங்கே ஒரு வரியில் தீர்த்துவிட நமக்கு மனமில்லை.

1966-இல் ஆத்மாராம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் சையித் ஹுஸைன் ஸஹீர். 1971-இல் அவருக்குப் பின் வந்தவர் சென்னைத் தோல் ஆய்வு நிறுவனத்தை வளர்த்த நாயுடம்மா. அந்த ஐந்தாண்டுகள் அவருக்கு உலையைவிடச் சூடானவை. நாடெங்கும் பரந்து கிடந்த ஆய்வகங்கள், பணம் எங்கே போகிறது என்று கேட்ட நாடாளுமன்றம், பதவிச் சண்டைகள். ஆய்வகத்தில் செய்தது தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் மக்கள் பணம் வீண் என்பது அவருடைய நிலை. அதில் அவர் சொன்னது சரிதான். ஆனால் அவருடைய சொந்தக் கண்ணாடியே அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வு நிறுவனமே உற்பத்தியும் செய்ததால் அளவு சிறிதாகவே இருந்தது. அந்த அறிவு பெரிய ஆலையாக வளரவில்லை. இன்றும் உயர்தர லென்ஸ் கண்ணாடியில் பெரும்பகுதி நமக்கு வெளியிலிருந்தே வருகிறது. வழி திறந்தவரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை, பின்னால் வந்தவர்கள் அந்த வழியில் நடந்தது போதாது.

அவர் தாய்மொழியில் அறிவியல் சொல்லப்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவருக்குத் தாய்மொழி இந்தி. அந்த மொழியில் அறிவியல் எழுதுவோருக்கு மத்திய இந்தி நிறுவனம் அவர் பெயரால் விருது வழங்குகிறது. தமிழில் அந்த வேலையைச் செய்பவர்களை நம் சமுதாய அமைப்புகளும் அப்படித் தேடிக் கௌரவித்தால் என்ன என்று நமக்குத் தோன்றுவதுண்டு. மதரஸாவில் இப்னுல் ஹைஸமின் பெயரைச் சொல்லித் தரும் நாம், லென்ஸ் ஏன் நிறம் பிரிக்கிறது என்று பிள்ளை கேட்டால் தமிழில் விளக்க ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுக்க முடிகிறதா?

ஆத்மாராம் 1983-இல் காலமானார். ஜாதவ்பூரில் அவர் வளர்த்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அணுசக்தி நிலையங்களில் கதிர்வீச்சைத் தடுத்து உள்ளே நடப்பதைக் காட்டும் கனத்த ஈயக் கண்ணாடிப் பாளங்களை உருவாக்கும் வழியைப் பின்னர் அங்கே கண்டார்கள். லேசர் கருவிகளுக்கான நியோடிமியம் கலந்த ஊதாநிறக் கண்ணாடியையும் அங்கே உருக்கினார்கள்.